டீச்சர் வந்து இறங்கிய நாள்

அத்தியாயம் 9

அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

காலை ஆறே முக்கால். அம்மா இறந்து ஒன்றரை வருடமாகிறது. இத்தனை நாளில் அவர் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுச் சின்னவள் பார்த்ததில்லை. இன்று நீலச் சட்டையை மேஜைமேல் பரப்பி, காலருக்கு ஈரத் துணி வைத்து, ஒரு மடிப்பைச் சரிபார்த்த பிறகே அடுத்த மடிப்புக்குப் போனார். முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவரின் நிதானம் அது.

"டீச்சர் விடியக்காலையிலேயே வந்து இறங்கிட்டாங்கம்மா," என்றார் நிமிராமல்.

சின்னவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

டீச்சர் வந்து இறங்க முடியாது. டீச்சர் என்று ஒருத்தி இந்த உலகத்தில் இல்லை. அது சின்னவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அம்மா போனதும் அப்பா முதலில் பேச்சை விட்டார், பிறகு சாப்பாட்டை. மாத்திரைகள் அட்டையிலேயே கிடந்தன. மகள்கள் எதைச் சொன்னாலும் "ம்" என்பதோடு சரி. ஓய்வுபெற்றவர்கள் பேசிக்கொள்ளும் ஒரு செயலியைச் சின்னவள்தான் அவருடைய போனில் போட்டுக் கொடுத்தாள். அதில் ஒருவரும் அவரோடு பேசவில்லை. அதைப் பார்க்கச் சகிக்காமல் அவளே இன்னொரு பெயரில் உள்ளே நுழைந்தாள். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், வெளிநாட்டில் மகன் வீட்டில் வாசம், முகம் காட்டக் கூச்சம். படத்துக்குச் சாக்பீஸ் பிடித்த ஒரு கை மட்டும். அது அவளுடைய கை.

பதினோரு வாரம் டீச்சர் எழுதினார். எட்டு மணி மாத்திரையை ஞாபகப்படுத்தினார். அப்பா சவரம் செய்துகொள்ளத் தொடங்கினார். வீட்டுக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டார். ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஜோக் கூடச் சொன்னார்.

பிறகு ஒரு மதியம், வேலைக்கு நடுவே, சின்னவளின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. 'உங்கள் கணக்கில் சந்தேகத்துக்குரிய நடமாட்டம். இருபது நிமிடத்தில் உறுதி செய்யாவிட்டால் கணக்கு நிரந்தரமாக மூடப்படும்.' டீச்சர் செத்துவிடுவாளோ என்ற பதற்றத்தில் அவள் அந்த இணைப்பைத் தொட்டாள். பார்த்துப் பழகிய பக்கம்தான் திறந்தது. கடவுச்சொல்லைக் கொடுத்தாள். வந்த ஆறு இலக்க எண்ணையும் கொடுத்தாள். அன்று மாலை அவளாலேயே உள்ளே போக முடியவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. டீச்சர் தானாக மௌனமாகிவிடுவார், அப்பா கொஞ்ச நாள் வருந்துவார், பொய் தானாகக் கரைந்துவிடும் என்று நினைத்தாள். அந்த நிம்மதிதான் இப்போது முள்ளாகக் குத்துகிறது.

டீச்சர் மௌனமாகவில்லை. ஐந்து வாரமாக வேறு யாரோ டீச்சராக இருந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நேற்று இரவுச் சாப்பாட்டில் அப்பா "டீச்சர் வர்றாங்க" என்று சொன்னபோதுதான் அது அவளுக்கு உறைத்தது.

"இப்ப எங்கப்பா இருக்காங்க?"

"ஏர்போர்ட்லதான். வெளிய விட மாட்டேங்குறாங்களாம். எனக்கு ஒரு கடிகாரம், உங்க ரெண்டு பேருக்கும் ஏதோ நகை, எல்லாம் ஒரு பெட்டியில கொண்டு வந்திருக்காங்க. கஸ்டம்ஸ்ல பெட்டியைப் பிடிச்சு வெச்சுட்டாங்க. தீர்வை கட்டினாத்தான் ஆச்சு."

அப்பா தொகையைச் சொன்னார். அவருடைய எட்டு மாத ஓய்வூதியம்.

"அவங்ககிட்ட பணம் இல்லையா?"

"வெளிநாட்டு கார்டு இங்க வேலை செய்யலையாம். ஒரு ஆபீசர் கணக்கு நம்பர் கொடுத்திருக்காரு. அதுக்கு நான் போட்டா, வெளிய வந்ததும் திருப்பிக் கொடுத்துடுறேன்னாங்க. வீட்ல யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னுகூட சொன்னாங்க. பாவம், கௌரவம் பாக்கிறாங்க. உங்ககிட்ட எனக்கு என்ன ஒளிவு?"

அப்பா போனை எடுத்து நீட்டினார். "படம் போட்டிருக்காங்க பாரு. முன்னெல்லாம் முகமே காட்ட மாட்டாங்க."

டீச்சரின் முகத்தைச் சின்னவள் அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தாள். வெள்ளித் தலைமுடி, கன்னத்தில் குழி, வரிசை தப்பாத பற்கள். அவள் மனசிலிருந்த டீச்சர் இவ்வளவு அழகில்லை. அவருக்கு ஒரு மூக்குக் கண்ணாடி இருந்தது, பின்னங்கழுத்தில் வலி இருந்தது.

"கொஞ்ச நாளா சுருக்கமாத்தான் எழுதுறாங்க," என்றார் அப்பா. "முன்னல்லாம் நீளமா, நிதானமா இருக்கும். பிரயாண அவசரம் போல. ஆனா இப்பல்லாம் 'சார்' போயி 'டியர்'னு..." சொல்ல வந்ததைப் பாதியில் விட்டுவிட்டு இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். காது நுனி சிவந்திருந்தது.

இந்த இடத்தில் அவள் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தாள்.

"பணம் அனுப்பிட்டீங்களா?" என்பதுதான் வெளியே வந்தது.

"எங்க? புதுக் கணக்கைச் சேர்த்தா நாலு மணி நேரம் பொறுக்கச் சொல்லுது பேங்க். நல்ல ஏற்பாடுதான், லிஃப்ட்டுக்கு பிரேக் மாதிரி. பெரியவ ஒன்பதரைக்கு வேலைக்குப் போனதும் போன்லயே சேர்க்கச் சொல்லித் தர்றேன்னா."

"அப்போ நான் மத்தியானம் வந்துடறேன்பா. சேர்ந்து அனுப்பலாம். நான் வர்றதுக்குள்ள எதுவும் செய்யாதீங்க."

"சரிம்மா. நீயும் கூட இருந்தா எனக்கும் தைரியம்தான்."

படியிறங்கும்போது ஒவ்வொரு படியிலும் நின்று திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தாள். மூன்று மாடியும் முடிந்துவிட்டது.

*

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சனிக்கிழமை எப்போதும் கூட்டம். வெறும் வயிற்றோடு வந்தவர்களின் எரிச்சல் வராந்தா வரை நீண்டிருந்தது.

அங்கே ஒரு விதி உண்டு. ஊசி எடுக்கும் முன் வந்தவரின் பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். 'நீங்கதானே இன்னார்?' என்று நாமாகக் கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் காது கேட்காதவரும் தலையாட்டுவார், தூக்கக் கலக்கத்தில் இருப்பவரும் தலையாட்டுவார். ஆறு வருடமாகச் சின்னவள் இந்த விதியை ஒரு நாளும் மீறியதில்லை.

இன்று மீறினாள். காகிதத்திலிருந்த பெயரை அவளே படித்தாள். எதிரிலிருந்த பெரியவர் தலையாட்டினார். ரத்தம் எடுத்துக் குழாயில் லேபிளும் ஒட்டிவிட்டாள்.

"அவரு இல்லை. அந்தப் பேருக்குரியவர் இன்னும் வராந்தாவுலதான் உட்கார்ந்திருக்காரு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

தலைமை டெக்னீஷியன். எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது என்பதால் எல்லோருக்கும் அவர் மைக்ராஸ்கோப். குழாயை வாங்கிக் குப்பையில் போட்டார். பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு சின்னவளை ஓரமாகக் கூப்பிட்டார்.

"பேரை நீ எடுத்துக் கொடுத்தா அவர் தலையாட்டத்தானே செய்வார்? இது உனக்கு நான் சொல்லணுமா?"

"சாரி மேடம்."

"வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இல்ல மேடம்."

"அப்போ உனக்குத்தான் சரியில்லை. போய்த் தண்ணி குடிச்சிட்டு வா."

தண்ணீர்க் குழாயின் பக்கத்தில் நின்றபடி சின்னவள் அப்பாவை நினைத்தாள். பதினோரு வாரக் கடிதங்களும் கணக்கைப் பறித்தவனின் கையில் இருக்கின்றன. அப்பாவின் மாத்திரை நேரம், அம்மாவின் நினைவு நாள், முட்டிவலி எல்லாவற்றையும் அவன் எடுத்துக் கொடுக்கிறான். அப்பா தலையாட்டுகிறார்.

காலையில் தன் போனுக்கு அனுப்பி வைத்திருந்த அந்தப் படத்தை இணையத்தில் தேடிப் பார்த்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெள்ளித் தலைமுடிப் பெண் ஒரு பல் செட்டு விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். இன்னும் மூன்று இடங்களில் மூன்று பெயர்களில் இருந்தாள். ஓரிடத்தில் விதவை டாக்டர், இன்னோர் இடத்தில் கப்பல் அதிகாரியின் தங்கை.

அக்காவைக் கூப்பிட்டாள். பெரியவள் ஒரு பெரிய ஹோட்டலில் துணிமணிகளுக்குப் பொறுப்பு. பின்னணியில் சலவை இயந்திரம் இரைந்தது.

"அக்கா, அப்பாவுக்கு அந்தக் கணக்கைச் சேர்த்துக் கொடுத்துட்டியா?"

"ஒன்பது நாற்பதுக்குச் சேர்த்தாச்சு. ஒண்ணு நாற்பதுக்கு அனுப்பலாம். ஏன், நீயும் பங்கு போடணுமா?"

"அது மோசடி அக்கா."

"எது?"

"டீச்சர்."

பெரியவள் சிரித்தாள். "போடி. ஆன்ட்டி என்கிட்டயே பேசினாங்க. போன வாரம் டிக்கெட் மாத்தணும்னு தவிச்சப்ப நான்தான் கொஞ்சம் போட்டேன். எவ்வளவு மரியாதையா நன்றி சொன்னாங்க தெரியுமா?"

"நீயும் போட்டியா?"

"ஏன், நீ மட்டும்தான் அப்பாவுக்குப் பொண்ணா?"

"வாயால பேசினாங்களா? குரல் கேட்டியா?"

"தொண்டையில ஏதோ ஆபரேஷனாம். மெசேஜ்தான்."

"வீடியோவுல வர மாட்டாங்க, பேச மாட்டாங்க, அவசரம்னுவாங்க, யார்கிட்டயும் சொல்லாதேன்னுவாங்க, கடைசியில பணம் கேட்பாங்க. படம்கூடப் பல் செட்டு விளம்பரத்துல வந்ததுக்கா. அனுப்பி வைக்கிறேன், பாரு."

சலவை இயந்திரம் நின்றது. அந்த அமைதியில் பெரியவளின் குரல் கூர்மையாக வந்தது.

"சரி. படம் பொய்யாவே இருக்கட்டும். இத்தனை மாசமா அப்பாவைச் சாப்பிட வெச்சது யாரு? நீயா, நானா? உனக்கு எப்படி இவ்வளவு உறுதியாத் தெரியும், அப்படி ஒரு ஆளே இல்லைன்னு?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

"பதில் இல்லை பாத்தியா," என்றாள் அக்கா. "சின்ன வயசுலேர்ந்தே நீ இப்படித்தான். யாராவது சிரிச்சாக்கூட, ஏன் சிரிச்சாங்கன்னு டெஸ்ட் பண்ணிப் பார்ப்பே. அம்மா இடத்துல ஒருத்தி வந்துடுவாளோன்னு உனக்குப் பயம். அந்த மனுஷன் சிரிச்சுட்டுப் போகட்டும், விடு. எனக்கு இங்க நானூறு விரிப்பு நிக்குது."

போன் கட்டாயிற்று.

சின்னவள் மைக்ராஸ்கோப்பிடம் போய் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டும் என்றாள்.

"போ. இன்னைக்கு நீ இருக்கிறதைவிட இல்லாம இருக்கிறது நோயாளிங்களுக்கு நல்லது," என்றார் அவர். வாசல் வரை வந்தும் விட்டார்.

*

வீட்டுக்குள் நுழையும்போது பன்னிரண்டு ஐம்பது. நீலச் சட்டையில் அப்பா. எதிரில் மேஜைமேல் போன், கண்ணாடி, பேங்க் புத்தகம்.

"நல்லவேளை வந்துட்டே. டீச்சர் நாலு தடவை மெசேஜ் போட்டாங்க. ஆபீசர் பக்கத்துலயே நிக்கிறாராம்."

"அப்பா, உட்காருங்க. அவங்க ஏமாத்துறாங்க."

அப்பா கோபப்படவில்லை. பழுதென்று கூப்பிட்ட வீட்டில் விசாரிப்பதைப் போல, பொறுமையாகக் கேட்டார். விளம்பரப் படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"அழகா இருக்கிறவங்க படத்தை நாலு பேர் திருடத்தான் செய்வாங்க. பாவம் டீச்சர். சொல்லி வைக்கணும்."

"ஒரு தடவையாவது குரல் கேட்டிருக்கீங்களா?"

"உங்கம்மா குரலை முப்பது வருஷம் கேட்டேன். அவ சொன்னதையெல்லாம் கேட்டேனா? குரல்ல என்னம்மா இருக்கு."

"பணம் கேக்கிறாங்களேப்பா."

"இப்பதான் கேக்கிறாங்க. நாலு மாசமா ஒரு பைசா கேக்கல. முட்டிவலிக்கு என்ன போட்டீங்கன்னு கேட்டாங்க, மாத்திரை போட்டீங்களான்னு கேட்டாங்க. எந்த மோசடிக்காரனாவது நாலு மாசம் என் முட்டியைப் பத்திப் பேசுவானா? நீயே சொல்லு."

அவர் அடுக்கிய சான்றுகள் அத்தனையும் உண்மை. அத்தனையும் அவள் செய்தவை.

அப்பா குரலைத் தணித்தார். "அந்தம்மாகிட்ட நான் ஒரு விஷயம் சொல்லியிருக்கேன். உங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. அதுக்கு அவங்க ஒரு பதில் எழுதினாங்க. அந்தப் பதிலுக்கு அப்புறம்தான் எனக்குத் தொண்டையில சாப்பாடு இறங்குச்சு. அது ஒரு திருடன் எழுதின பதிலாம்மா?"

"இல்லப்பா."

"பின்ன?"

"அதை எழுதினது நான்."

அப்பா அவளையே பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"பணம் அனுப்பறதைத் தடுக்க இப்படியெல்லாமா சொல்லுவே?"

"நிஜம்பா. முதல் பதினோரு வாரமும் நான்தான். அப்புறம் என் கணக்கை யாரோ பறிச்சுக்கிட்டாங்க. போலி லிங்க் ஒண்ணைத் தொட்டுட்டேன். இப்ப எழுதுறது யாருன்னு எனக்கே தெரியாது."

"நான் சொன்னது என்னன்னு சொல்லு, பாப்போம்."

சின்னவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்னைக்கு நீங்க எல்லார்கிட்டயும் சொன்ன மாதிரி சிக்னல் இல்லாத லிஃப்ட் குழிக்குள்ள இல்ல. மொட்டைமாடியில, மோட்டார் ரூம்ல இருந்தீங்க. சிக்னல் முழுசா இருந்துச்சு. காலையில சண்டை. ஊர்ல இருக்கிற லிஃப்ட்டையெல்லாம் ரிப்பேர் பண்றீங்க, வீட்டுக் குழாய் ஒழுகுதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க. அந்தக் கோபத்துல அம்மா கூப்பிட்டப்ப ரெண்டு தடவை கட் பண்ணிட்டீங்க."

அப்பாவின் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. வந்தது வெட்கமில்லை, சினம்.

"என் போனை எடுத்துப் படிச்சியா?"

"இல்லப்பா, எனக்குத்தான் வந்துச்சு—"

"அப்பன் தூங்கறப்ப போனைத் திறந்து படிச்சிருக்கே. படிச்சிட்டு அதையே எனக்கெதிரா... சே. டீச்சர் மேல பழி போட இதுவா கிடைச்சுது உனக்கு?"

இதுவரை சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. சின்னவளுக்கு எதையும் நேராகப் போனில் எழுத வராது. கூச்ச சுபாவம். ஒரு வரி பேசுவதற்கே பத்து முறை மனசுக்குள் ஒத்திகை பார்ப்பவள். டீச்சரின் ஒவ்வொரு கடிதத்தையும் அவள் முதலில் பென்சிலால்தான் எழுதினாள். பரிசோதனை நிலையத்தில் வீணாகும் அறிக்கைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி, அடித்து, திருத்தி, பிறகே போனில் ஏற்றுவாள். அந்தத் தாள்கள் அத்தனையும் அவளுடைய அலமாரியில், ஒரு பச்சைக் கோப்பில் இருந்தன.

எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள்.

அந்தக் கடிதத்துக்கு மட்டும் ஒன்பது தாள்கள். குண்டூசி குத்தி வைத்திருந்தாள். கடைசித் தாளை மட்டும் உருவிக் காட்டலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அது அழகான கடிதம். ஆனால் அதை யாரும் போனைப் பார்த்து நகலெடுத்திருக்கலாம். எழுதியது அவள்தான் என்பதற்குச் சாட்சி அடித்தல் திருத்தல்களில்தான் இருந்தது. முதல் எட்டுத் தாள்களைக் காட்டாமல் அவரைக் காப்பாற்ற வழியில்லை.

குண்டூசியோடு ஒன்பதையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

முதல் தாளில் ஒரே ஒரு வரி. 'எப்படிப்பா உங்களால் முடிந்தது?'

இரண்டாவதில் 'அம்மா ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள்' என்று எழுதி அடிக்கப்பட்டிருந்தது. மூன்றாவதில் 'உங்களை மன்னிக்கவே மாட்டேன்' என்ற இடத்தில் பென்சில் முனை தாளைக் கிழித்திருந்தது. நான்காவதில் பாதி வெள்ளை. ஐந்தாவதிலும் 'அப்பா' என்றே தொடங்கி, அதன் மேல் கோடு கிழித்து 'சார்' என்று எழுதியிருந்தது. அப்பா அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

ஒன்பதாவது தாளை அவர் படிக்க வேண்டியிருக்கவில்லை. அது அவருக்கு மனப்பாடம். 'சார், கோபத்தில் ஒரு போனை எடுக்காதவர்கள் உலகத்தில் பாதிப் பேர். மீதிப் பேர் அதை வெளியே சொல்லாதவர்கள். சாயங்காலம் நீங்கள் வந்துவிடுவீர்கள் என்ற நம்பிக்கை இருந்ததால்தான் காலையில் உங்கள் மனைவி சண்டை போட்டார். அந்த நம்பிக்கையோடுதான் போனார்.'

அப்பா முதல் தாளையும் கடைசித் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இதுல எதும்மா நிஜம்?"

"ரெண்டும்தான்பா. முதல்ல இருக்கிறது அன்னைக்கு நிஜம். கடைசியில இருக்கிறதுக்கு வந்து சேர நாலு நாள் ஆச்சு."

"ஆமா. டீச்சர் நாலு நாள் பதில் போடல. என்னை வெறுத்துட்டாங்கன்னு நெனச்சேன்."

"வெறுத்தேன்பா."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. அப்பா தலையசைத்தார். அடி விழுந்தவரைப் போல இல்லை. எடை சரியாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்பவரைப் போல இருந்தது.

"உங்களை ஏமாத்தணும்னு செய்யலப்பா. நீங்க சாப்பிட்டா போதும்னு இருந்துச்சு. கணக்கு பறிபோனதும் சொல்லியிருக்கணும். சொன்னா எல்லாத்தையும் சொல்ல வேண்டியிருக்கும்னு பயந்துட்டேன்."

"குழிக்குள்ள சிக்னல் இல்லைன்னு ஒருத்தன் சொன்ன மாதிரி," என்றார் அப்பா.

போன் அதிர்ந்தது. ஒன்று நாற்பது. புதிய கணக்குக்கு இனிப் பணம் அனுப்பலாம் என்று பேங்க் சொன்னது. அதன் தலைக்கு மேலேயே டீச்சர் வந்துவிட்டார். 'டியர், இன்னும் பத்து நிமிஷம்தான். என்னைக் கைவிட்டுடாதீங்க.'

அப்பா அதைப் படித்தார். பென்சில் தாள்களைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

"இந்த 'டியர்' வந்தப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு," என்றார். "பிடிச்சும் இருந்துச்சு. அதான் கேக்கல."

அவரே, யாரும் சொல்லித் தராமல், சேர்த்த கணக்கைத் தேடிப் பிடித்து நீக்கினார். பிறகு 'பணம் அனுப்ப மாட்டேன்' என்று ஒற்றை விரலால் எழுதி அனுப்பினார்.

பதில் வர ஒரு நிமிடம் ஆகவில்லை. 'டியர்' இல்லை, 'சார்' இல்லை. 'பணம் வராவிட்டால், மனைவியின் போனை நீ கட் பண்ணிய கதை முழுதும் உன் பெரிய மகளுக்குப் போகும். அவள் நம்பர் என்னிடம் இருக்கிறது. அரை மணி நேரம் தருகிறேன்.'

பெரியவள் தன் கையால் பணம் போட்டு, தன் நம்பரையும் கொடுத்து வைத்திருக்கிறாள். அக்கா இந்த ஒன்றரை வருடமாக, துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதது ஒன்றைத்தான். பாவம் அப்பா, லிஃப்ட் குழிக்குள்ள இருந்தார், சிக்னல் கிடைக்கல.

"எதையும் அழிக்காதீங்கப்பா. எல்லாத்தையும் படம் பிடிச்சு வெச்சுக்கணும். சைபர் போலீசுக்குப் போன் போடலாம், பேங்க்குக்கும் சொல்லணும், அக்கா போட்ட பணத்துக்கும் சேர்த்துப் புகார் கொடுக்கணும். பதில் மட்டும் போடாதீங்க. ஒரு தடவை கொடுத்தா திரும்பத் திரும்பக் கேட்பாங்க." அவள் எண்ணைத் தேடினாள்.

"அதெல்லாம் செய்யலாம். முதல்ல அக்காவைக் கூப்பிடு."

"நான் பக்குவமாச் சொல்லிடறேன்பா. நீங்க—"

"எனக்காக நீ எழுதினது போதும்மா," என்றார் அப்பா. "இதை நான் சொல்றேன்."

மூன்றாவது மணியிலேயே பெரியவள் எடுத்துவிட்டாள். அப்பாவுக்கு ஸ்பீக்கரில் வைத்துத்தான் பழக்கம்.

"என்னப்பா, ஆன்ட்டி வெளிய வந்தாச்சா? நான் சாயங்காலம் வரட்டுமா?"

"டீச்சர் வரலம்மா. வர மாட்டாங்க. அதை உன் தங்கச்சி சொல்லுவா." அப்பா நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டார். "அம்மா போன அன்னைக்கு நான் குழிக்குள்ள இல்லம்மா. மேலதான் இருந்தேன். சிக்னல் இருந்துச்சு. ரெண்டு தடவை கூப்பிட்டா. நான் எடுக்கல. கோபத்துல எடுக்கல."

மறுபுறம் இயந்திரங்களின் இரைச்சல் மட்டும். பிறகு ஒரு கதவு சாத்தும் சத்தம், இரைச்சல் அடங்கியது. பெரியவள் வேறு அறைக்குள் போயிருக்க வேண்டும்.

சின்னவள் அழுகைக்குக் காத்திருந்தாள். திட்டுக்குக் காத்திருந்தாள். இரண்டும் வரவில்லை.

"சின்னவ பக்கத்துல இருக்காளாப்பா?" என்றாள் அக்கா. அந்தக் குரலைச் சின்னவள் இதற்குமுன் கேட்டதில்லை.

"இருக்கா."

"அவளைக் கொஞ்சம் வெளிய போகச் சொல்லுங்க. அன்னைக்கு அம்மா உங்களை மட்டும் கூப்பிடலப்பா. என்னையும் கூப்பிட்டாங்க."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். சின்னவளாகவே எழுந்தாள். பென்சில் தாள்களை எடுக்கக் கை நீண்டது. அவை இனி அவருடையவை என்று விட்டுவிட்டாள்.

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். சாத்திய கதவுக்குள்ளிருந்தும் அக்காவின் குரல் மெல்லக் கசிந்தது. வார்த்தைகள் பிடிபடும் தூரம்தான். அவள் படியில் இறங்கி, ஒரு மாடி கீழே போய், எதுவும் கேட்காத இடத்தில் நின்றுகொண்டாள்.